ஏன் வரல அக்கா

"வணக்கம், ஸ்கூல்லேந்து பேசறேன். இன்னிக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கிறார் அக்கா. வரப்போகும் பொய்க்குக் கொஞ்சம் இடம் விடுகிறாராம். "பையனுக்குக் காய்ச்சலுங்க" என்கிறது ஒரு தகப்பனின் குரல். பின்னால் அந்தக் காய்ச்சல்காரன் டிவியில் எதையோ பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. "ரொம்ப அதிகமோ?" என்று கனிவாக விசாரிக்கிறார். "ஆமாங்க, கண்ணையே தொறக்கல." "ஐயோ பாவம், கண்ண மூடிக்கிட்டே டிவி பாக்கறானா? முகத்தக் கழுவி அனுப்புங்க. ரெண்டாவது பீரியடுலயாவது உக்காரட்டும்."

பள்ளி வாசலை ஒட்டிய அலுவலக அறையில் அவருடைய மேசை இருக்கிறது. மேசையில் ஒரு பழைய தொலைபேசி. சுருள் சுருளான அதன் கம்பி எப்போதும் சிக்கலாகத்தான் கிடக்கும். காலடியில் பிள்ளைகள் தொலைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த அட்டைப் பெட்டி. முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில் வகுப்பு லீடர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து வராதவர்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு அறைக்குள் யாரும் அவரிடம் பேசக் கூடாது. டைப்பிஸ்ட் பெண் கூட டீ வேண்டுமா என்பதைக் கையால்தான் கேட்பாள்.

அவர் ஆசிரியை அல்ல, குமாஸ்தா. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. "ஏன் வரல அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மட்டம் போட நினைக்கிறவன் காலையில் முதலில் யோசிப்பது தலைமை ஆசிரியரை அல்ல, இந்த அக்காவை. "ஏன் வரல அக்கா போன் பண்ணிடும்டா" என்று ஒருவனுக்கொருவன் எச்சரித்துக்கொள்வதை அவரே காதால் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

ஒரு தடவை எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன் தானே போனை எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் அவங்க அப்பா பேசறேன்" என்றான். குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது. அக்கா கலங்கவில்லை. "சார், ஒரு நல்ல விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பையன் கணக்குப் பரீட்சையில பாஸ் பண்ணிட்டான்" என்றார். "நெஜமாவா மிஸ்?" என்று குதித்தது அப்பாவின் குரல். "நேர்ல வந்தா பேப்பரக் காட்டறேன்டா, கெளம்பு" என்று போனை வைத்தார். வந்தான். பேப்பரைக் காட்டினார். பாஸ்தான்.

வீடுகளை அவர் சத்தத்தால் அறிவார். இந்த வீட்டில் தையல் மெஷின் ஓடும், அந்த வீட்டில் நாய் குரைக்கும், இன்னொன்றில் கைக்குழந்தை அழும். பெற்றோரின் முகம் அவருக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். கடையில் யாரோ சோப்பு விலை கேட்டால் சட்டென்று திரும்பி, "நீங்க ஏழாவது பி-தானே?" என்பார். கேட்கப்பட்டவர் திருதிருவென்று விழிப்பார். பொய் சொன்னவராக இருந்தால் சோப்பை வாங்காமலே கம்பி நீட்டிவிடுவார்.

எல்லோரையும் அவர் கலாய்ப்பதில்லை. கைக்குழந்தை அழும் வீட்டின் அம்மா சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவள். காலை ஷிப்ட் விழும் நாட்களில் மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். "நான் என்னக்கா பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்பாள். அக்கா அங்கே இங்கே பேசி, அந்தத் தெருவிலேயே ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தியைப் பிடித்து, காலையில் சிறிது நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். இது அவருடைய வேலையில் சேராது. டைப்பிஸ்ட் இதைச் சொன்னபோது, "போன் பண்ணிட்டு வெச்சிட்டா அந்தப் பொண்ணு வந்துடுமா?" என்று சீறினார்.

தாமதமாக வருகிறவர்களை அவர் திட்டுவதில்லை, அதே சமயம் விடுவதும் இல்லை. "அஞ்சு நிமிஷம்தானே மிஸ்" என்று முனகும் பிள்ளையை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொல்வார்: "மொத பீரியட்ல ஏதாவது ஒரு ஜோக் நடக்கும்டா. மிஸ் எதையாவது தப்பா சொல்லிடுவாங்க, இல்ல ஒருத்தன் பெஞ்சுலேந்து விழுவான். நாள் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. லேட்டா வந்தவனுக்கு மட்டும் அது என்னன்னு தெரியாது. ஆனா அவனும் சேர்ந்து சிரிப்பான். அதப் பாக்க எனக்குப் பொறுக்காது."

எங்கே பார்த்தார் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. பார்த்தது தன் சொந்த மகளை.

கணவரும் அவரும் பிரிந்தது இந்தப் பள்ளி ஆண்டின் நடுவில். சண்டை, கூச்சல் ஒன்றும் இல்லை. பேச்சு வற்றிப்போய் ஒரு நாள் இரண்டு பேருமே சரி என்றார்கள். அக்கா ஊரின் இந்தப் பக்கம், வேலைக்கு அருகே ஓர் அறை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டி வந்தார். மகளின் பள்ளியோ அந்தப் பக்கம், பழைய வீடு இருக்கும் அதே தெருவின் கோடியில். இரண்டு பேருந்து மாற வேண்டும். இருட்டில் எழுந்து கிளம்பினாலும் ஏதாவது ஒரு பேருந்து காலை வாரிவிடும். நடு ஆண்டில் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. அவர் வேலை செய்யும் பள்ளியோ ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மகள் ஐந்தில் படிக்கிறாள்.

ஒரு நாள் லீவு போட்டு, மகளைத் தாமதமாக வகுப்பில் விட்டுவிட்டு ஜன்னல் வழியே ஒரு நிமிடம் பார்த்தார். வகுப்பே எதற்கோ சிரித்தது. மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியாகத் தானும் சிரித்தாள். அன்று சாயங்காலமே கணவருக்குப் போன் செய்து, "அவ அங்கயே இருக்கட்டும். அங்க இருந்தா நேரத்துக்குப் போவா" என்று சொல்லிவிட்டார். பிள்ளையைப் பள்ளி மணிக்காக விட்டுக்கொடுத்த தாய் என்று அவரைச் சொல்லலாம். ஊரில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. அது சரியா தப்பா என்று இன்று வரை அவருக்குப் பிடிபடவில்லை.

ஆரம்பத்தில் தினமும் ராத்திரி மகளோடு போனில் பேசினார். பேசிய மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுது அடம் பிடித்தது. கணவர் கெட்டவர் அல்ல. ரொட்டித் தொழிற்சாலையில் விடிவதற்கு முன்பே தொடங்கும் ஷிப்ட் அவருக்கு. மாடி வீட்டில் இருக்கும் தன் தமக்கையின் தயவில் பெண்ணைக் கிளப்பி அனுப்புகிறவர். "நீ பேசினா மறுநாள் அவ மட்டம் போடறா. வார நாள்ல போன் பண்ணாத. இந்த வருஷம் ஒழுங்கா போய் முடிக்கட்டும். ஆறாவதுக்கு உங்க ஸ்கூல்லயே சேத்துடலாம், உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சு. அக்கா தலையாட்டினார். அன்றிலிருந்து காலையில் ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் போன் அடித்து உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்கிறவருக்கு, ஒரு வீட்டுக்கு மட்டும் அடிக்க முடியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறார்கள். பூங்காவில் உட்காருவார்கள். வாரம் முழுக்க என்னென்னவோ கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருப்பார். வாயைத் திறந்தால், "ஸ்கூலுக்கு நேரத்துக்குப் போறியா?" என்பதுதான் வரும். "நீ எப்பவும் அதையே கேக்கறம்மா" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தூங்கி எழுந்த முகத்தோடு அந்தப் பெண் எப்படி இருப்பாள், பல் தேய்க்க இன்னும் அடம் பிடிக்கிறாளா, பாலைக் குடிக்கிறாளா கொட்டுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மகளின் காலை வேளை அவர் கையை விட்டுப் போய்விட்டது. அதற்காக அவர் ஏங்கினார். பேருந்தில் யாராவது குழந்தை தாயின் மடியில் சாய்ந்து தூங்கினால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

போன புதன்கிழமை காலை அவர் தொலைபேசியை இழுத்து வைத்த நேரம், கைப்பைக்குள் அவருடைய சொந்த செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"ஸ்கூல் ஆபீஸ்லேந்து பேசறோம் மேடம். உங்க பொண்ணு இன்னிக்கு வரல. அவங்க அப்பாவுக்கு அடிச்சோம், எடுக்கல. அடுத்தது உங்க நம்பர் இருந்துச்சு."

ஷிப்டில் இருக்கும்போது கணவரால் போன் எடுக்க முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். மகள் ஏன் போகவில்லை என்பது தெரியாது. தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

"வயித்து வலிங்க. காலைலேந்தே."

"ஓ, சரிங்க மேடம். ரெஸ்ட் எடுக்கட்டும்." அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம், அதைவிட அந்தக் குமாஸ்தா மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இவ்வளவு சுலபமாகவா நம்புவார்கள்? யார் வேண்டுமானாலும் காதில் பூ சுற்றலாமா? ஒரு கேள்வி கேட்க வேண்டாமா, ஒரு பிள்ளை வரவில்லை என்றால்?

பிறகு மேசைத் தொலைபேசியில் பழைய வீட்டின் எண்ணை அழுத்தினார். கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்று நினைக்கவில்லை. மகள் தன்னிடம் வரப்போகும் அடுத்த வருடமே கையை விட்டுப் போகலாம் என்று தெரிந்துதான் அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"ஹலோ" என்றது தூக்கக் குரல்.

"நான்தான்டி. அம்மா."

கொட்டாவி விடுவது கேட்டது. பிறகு, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாம்மா?"

அக்கா நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இல்லடா கண்ணு. புதன்கிழமை. ஏன் இன்னும் வீட்ல இருக்க? உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன். அப்பா எழுப்பிட்டுதான் போனாரு. மறுபடி தூங்கிட்டேன். அத்தை ஊர்ல இல்ல. முழிச்சுப் பாத்தா ஸ்கூல்ல பெல் அடிச்சிட்டாங்க. வீட்டுக்கே கேட்டுச்சு."

"சரி, கெளம்பு. இப்பவே போ."

"தலை பின்ன ஆளில்லம்மா. விரிச்சுப் போட்டுட்டுப் போனா எல்லாரும் பாப்பாங்க. நாளைக்குப் போறேனே." குரல் இளகியது. "நீ பேசும்மா. இன்னிக்குப் பூரா பேசிட்டே இரும்மா."

அவருக்கு வேண்டியிருந்ததும் அதுவேதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல் தேய்த்தாயா என்பதிலிருந்து தொடங்கி இத்தனை மாதத்துக் காலைகளையும் கேட்டு முடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு நாள்தானே? வயிற்று வலி என்று சொல்லியும் ஆயிற்று. இப்படித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்பது அவருக்கு முதல் தடவையாக உள்ளேயிருந்து புரிந்தது.

"ஸ்பீக்கர் பட்டன அமுக்கு" என்றார். "போனக் கீழ வை. மூஞ்சியக் கழுவி யூனிபார்ம் போட்டுட்டு ஓடி வா. நான் வைக்க மாட்டேன். தலையப் பின்ன நான் சொல்லித் தரேன்."

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. ஏதோ உருண்டது. டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குக்கா?"

"அஞ்சாம் வகுப்பு."

"நம்மகிட்ட அஞ்சாம் வகுப்பு ஏதுக்கா?"

"வந்துட்டேம்மா" என்று மூச்சு வாங்கியது போன். அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"முடியெல்லாம் ஒரு பக்கமா முன்னாடி கொண்டு வா. சிக்கு எடுத்துட்டியா? இப்போ மூணாப் பிரி."

"பிரிச்சிட்டேன்."

"வலது பக்கத்த நடுவுல போடு. இறுக்கிப் புடி. இப்போ இடது பக்கத்த நடுவுல. லூசா விடாத, மத்தியானமே அவுந்துடும்." சொல்லச் சொல்ல அவர் கைகள் நெஞ்சுக்கு முன்னால் உயர்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாக வெறும் காற்றைப் பின்னத் தொடங்கின. டைப்பிஸ்ட் வேலையை நிறுத்திவிட்டாள்.

"கோணலா வருதும்மா."

"கோணலா இருந்தா இருக்கட்டும். பின்னு. போய் மொதல்ல மிஸ்கிட்ட தூங்கிட்டேன்னு உண்மையச் சொல்லு. அம்மா வயித்து வலின்னு சொன்னது பொய்யின்னும் சொல்லு. அப்பறம் பக்கத்துல இருக்கற பொண்ண, இன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்கன்னு கேளு. வெக்கப்படாம கேளு."

"முடிஞ்சிடுச்சும்மா. ரப்பர் பேண்டக் காணோம்."

"நுனிய விட்டுடாதடி! புடிச்சிக்கிட்டே தேடு."

"சரி." காலடிச் சத்தம் விலகிப் போயிற்று. ஓர் இழுப்பறை திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது. பின்பு தூரத்திலிருந்து, அறை மாறி வந்த குரலில், "கட்டிட்டேம்மா! நான் போறேன்!" என்று கேட்டது. கதவு மூடியது. பூட்டில் சாவி திரும்பியது. வெறும் வீட்டின் இரைச்சல் மட்டும் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

டைப்பிஸ்ட் மெல்ல எழுந்து வந்து, அவர் தோளிலிருந்து ரிசீவரை எடுத்து வைத்தாள். அக்கா அசையவில்லை. நெஞ்சுக்கு நேரே, ஒன்றுமில்லாத இடத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நுனியை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தன.