வெயிலில் காட்டாத துணி

வேலம்பாளையத்தில் வெயிலுக்குப் பஞ்சம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தகரம் சுடுகிறது, தார் இளகுகிறது, வண்டி சீட்டில் உட்கார முடியவில்லை. இந்த ஊரில்தான் என் மகளின் உடம்பில் வெயில் சத்து இல்லை என்றார் டாக்டரம்மா. வைட்டமின் டி.

பதினாறு வயது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். "முட்டிக்குள்ள யாரோ அரைக்கிறாப்புல இருக்குதுங்ப்பா."

வாரம் ஒரு பொட்டலம் பொடி, பாலில் கலந்து. "அதோட, பத்து மணிக்கு மேல கைகால்ல நேரா வெயில் படோணுங்க. கண்ணாடி வழியா வந்தா பத்தாது" என்றார் டாக்டரம்மா.

பத்து மணிக்கு மேல் அவள் எங்கே இருக்கிறாள்? விடியுமுன் வேன். திரைச்சீலை இழுத்த வகுப்பு. டியூஷன் முடிந்து வரும்போது தெருவிளக்கு.

நான் சாயத்துணி குடோனில் வேலை பார்க்கிறேன். துணிக்கட்டில் வெயில் விழுந்தால் மடிப்போரம் வெளுத்துவிடும், சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால் ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள். "வெயில் வருது, உள்ள தள்ளு" என்று நாளெல்லாம் கத்துவேன். எங்கள் தெருவில் பிள்ளைகளையும் அப்படியேதான் காபந்து பண்ணுகிறோம். பனியன் கம்பெனியில் மிஞ்சும் வேஸ்ட் துணியில் தோள்வரை கையுறை, கண் மட்டும் தெரிய முகமூடி. ஓவர்லாக் தைக்கிற என் மனைவி மகளுக்குத் தைத்ததைப் பார்த்து, தெருவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது. பெண் கருத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் மதியம்தான். பத்து மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். பாதி மாடியை வீட்டுக்காரரின் தையல் ஷெட் அடைத்திருந்தது. மீதியில் ஒரு பாயளவு வெயில். சட்டைக்கையைச் சுருட்டியவள் சட்டென்று இறக்கிவிட்டாள். கிழக்குப் பக்கத்து வீட்டு மாடியில் வடக்கத்திப் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கொடியில் போர்வை கட்டி மறைத்தேன். போர்வையின் நிழல் முழுசாக அவள்மேல் விழுந்தது. கொடியை இந்தப் பக்கம் மாற்றினேன். நிழலும் வந்தது. போர்வையை இறக்கினால் வெயில் வரும், கண்களும் வரும். ஏற்றினால் இரண்டும் போகும். ஏற்றி, இறக்கி, ஏற்றி. எனக்குத்தான் வியர்த்தது.

துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா நின்றார். "ஏனுங்க, புள்ளைய வடகமாட்டம் காயப் போடறீங்க?"

"திருப்பிப் போடச் சொல்லுங்கக்கா, அடிப்பக்கம் இன்னும் ஈரமா இருக்குது" என்றாள் மகள். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே அவள் ஒரு கையை, முழங்கை வரை, போர்வை விளிம்புக்கு வெளியே நீட்டினாள். பூனைமயிர் மினுங்கியது. கொஞ்ச நேரம்தான்.

மனைவி மேலே வந்தாள். "கண்ணு, மூஞ்சி செவந்து போச்சே!" தன் துண்டை அவள் தலைமேல் போட்டாள். டாக்டரம்மா சொன்னபோது பக்கத்திலேயே இருந்தவள்தான். கை தானாகப் போட்டுவிட்டது. போட்ட பிறகு என்னைப் பார்த்தாள். எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

கீழே வேன் ஹாரன். மகள் கையுறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்தாள். ஹாரன் மறுபடி அடித்தது.

"வர்றேனுங்ணா!" என்று குரல் மட்டும் முதலில் போனது.

போர்வையை அவிழ்த்து மடித்தேன். சுட்டது.