சுந்தரம் அண்ணாவின் நாலு வரிச் செய்தி

சுந்தரம் அண்ணா நேற்று சாயங்காலம் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பி வந்தேன்.

கொல்கத்தாவில் எங்களோடு பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் 'சுந்தர்தா'; பெங்காலியில் தாதா என்றால் அண்ணா. சிட்டி பேஜ் ரிப்போர்ட்டர். ரோடு, குப்பை, தண்ணீர், முனிசிபல் ஆபீஸ்... வருஷக்கணக்காக அதே பீட்.

தாத்தா காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, திருநெல்வேலியிலிருந்து கம்பெனி குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். வெளியே சுத்தமான பெங்காலி பேசுவார். தமிழில் பேச ஆரம்பித்தால் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் மாதிரி இருக்கும்.

நான் அதே பேஜின் சப்-எடிட்டர். ஆபீஸில் தமிழ் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

நியூஸ் எடிட்டர் எதிரே நிற்கும்போதே, முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்வார்: "இவரு இன்னைக்கு யாரையோ கடிக்கப் போறாரு... பாத்து இருந்துக்கோம்மா." நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெங்காலிப் பூரியான லுச்சிக்குப் புளிக்குழம்பு தொட்டுச் சாப்பிடுகிற ஒரே மனிதரை அங்கேதான் பார்த்தேன்.

ஒரு ஜூன் மாதம். மழை இன்னும் பிடிக்கவில்லை.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு சந்து. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சாக்கடை, அதில் மூடியில்லாத ஒரு மேன்ஹோல். ஆனால் முனிசிபல் ஃபைலில் சாக்கடை தூர் வாரியாகிவிட்டது, புது மூடியும் போட்டாகிவிட்டது. ஆதாரத்துக்கு ஒரு போட்டோ வேறு.

அந்த போட்டோவின் ஜெராக்ஸை அண்ணா என் மேஜையில் வைத்தார்.

"இதப் பாரும்மா. பின்னால ஒரு தையக்கடை தெரியுதா? அந்தச் சந்துல தையக்கடையே கிடையாது. இது வேற வார்டு. ஒரே படத்தக் காட்டி அஞ்சு சந்துல வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கானுவ."

அந்தத் தையல் கடையைத் தேடி இரண்டு நாள் வெயிலில் நடந்திருக்கிறார். கடையையும் படம் எடுத்தார், வாய் பிளந்து கிடந்த மேன்ஹோலையும் படம் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு ஒன்றும் எழுதவே வேண்டாம்.

அன்றைக்கென்று ஒரு சினிமா ஹீரோ புது மனைவியோடு ஊருக்கு வந்து இறங்கினார்.

அவர்களுக்கு அரைப் பக்கம். "சாக்கடையை நாலு வரியில் முடி" என்றார் நியூஸ் எடிட்டர்.

முடித்தேன். இரண்டு படத்தையும் எடுத்துவிட்டேன். 'மேன்ஹோல் மூடி இல்லை, மக்கள் புகார்' என்று ஒரு மூலையில் நாலு வரி. போட்டோ மோசடி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அண்ணா பேப்பரைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் மழை கொட்டியது. முழங்கால் அளவு தண்ணீர். குழி எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை.

அந்தச் சந்தில் புல்புல் மாஷிமா, அதாவது புல்புல் சித்தி, என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு ரிட்டயர்டு நர்ஸ். அண்ணாவைக் கூட்டிப் போய் அந்தக் குழியைக் காட்டியதே அவர்தான். அவர்தான் விழுந்தார். அக்கம்பக்கத்தார் இழுத்துப் போட்டதில் உயிர் பிழைத்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

இப்போது அது முதல் பக்கச் செய்தி. "நல்ல காரமாக எழுது" என்று அண்ணாவைக் கூப்பிட்டுச் சொன்னார் நியூஸ் எடிட்டர்.

அண்ணா டிராயரைத் திறந்து, நான் வெட்டுவதற்கு முன் எழுதிக் கொடுத்த பழைய செய்தியை எடுத்தார். கடைசியில் மாஷிமா விழுந்ததை மட்டும் ஒரு வரி சேர்த்தார். வேறு ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

இந்த முறை இரண்டு படத்தையும் பெரிதாகப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை...

இரண்டே நாளில் மூடி வந்தது. முனிசிபல் என்ஜினியரை இடம் மாற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னும் பெரிய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அண்ணாவையும் மாற்றினார்கள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பத்திக்கு. காரணம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒருநாள் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "அண்ணா, அன்னைக்கு வெட்டினது நான்தான்."

மண் குவளையில் இருந்த டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா. இடம் உன் கையில இல்ல. ஒரு படத்தையாவது விட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் குட்டிப் பத்தியையும் அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போன் பண்ணி, நடக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஷிமா வீட்டுக்குப் போவார். ஒரு முறை நானும் போனேன். மாஷிமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு ரொம்ப நேரம் ஆனது... அவருக்கு நான் யார் என்று தெரியாது. அண்ணா சொல்லவும் இல்லை.

ரிட்டயரான பிறகு அடிக்கடி பார்க்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இன்று அண்ணிதான் சொன்னார். வீட்டு முன்னால் தெரு லைட் எரியவில்லையாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வார்டு ஆபீஸுக்கு அண்ணா போன் போடுவாராம். குரலைக் கேட்டதுமே "போலுன் சுந்தர்தா, சொல்லுங்க" என்பார்களாம்.

"இன்னைக்குக் காலைல அங்க இருந்து போன் வந்துச்சும்மா. லைட்டு போட்டாச்சு, தாதாட்ட சொல்லிருங்கன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"என்னத்தச் சொல்ல... சரி, சொல்லுதேன்னு வச்சுட்டேன்."

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பட்டப்பகலில் அந்த லைட் எரிந்துகொண்டிருந்தது.

போய் வாருங்கள், அண்ணா.