பதினான்காம் அறையில் உடைந்த தேற்றம்

“அறைக் கண்காணிப்பாளர் மூன்று மணி நேரமும் மாணவர்மீது மட்டும் கவனம் வைத்து, வேறெதையும் எண்ணாமல் இருப்பவர்.” தேனிக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியின் தேர்வுக் கையேடு அப்படித்தான் சொல்கிறது. பதினான்காம் அறையில் ஜெபஷீலா அதன் முற்பாதியை மட்டும் கடைப்பிடித்தாள். மாணவர்களைத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவர்கள் புள்ளிகளானார்கள். புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஓடின.

கோடை விடுமுறைக்குச் சம்பளமில்லாத கௌரவ விரிவுரையாளர் அவள், கணிதத் துறையில். எண்ணி மாளாத வரிசைகளுக்குள் ஆகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவளுடைய ஆய்வு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தேற்றம் நிறுவினாள்: அவள் எடுத்துக்கொண்ட வகைக் கணக்குகளில், இருவர் இருவராக இடம் மாற்றிக்கொண்டே போனால் போதும், எந்தத் தாறுமாறும் கடைசியில் ஒழுங்காகிவிடும். அது அச்சிலும் வந்தது. வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். ஐந்து கட்டுரை கேட்கிறார்கள். இதையும் சேர்த்தால் அவளிடம் சரியாக ஐந்து.

ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த, கோம்பை ஊரிலிருந்து வரும் பையனுக்கு முகமெல்லாம் வேர்வை. மின்விசிறிக்குக் கீழே இருந்த இடத்தை ஏக்கமாகப் பார்த்தான். அங்கே இருந்த பெண்ணுக்கோ தாள் பறந்தது. அவள் வாசலோர பெஞ்சைப் பார்த்தாள். வாசலோரம் இருந்தவன் வெளிச்சம் போதாமல் ஜன்னலைப் பார்த்தான். ஜெபஷீலா மனத்துக்குள் இருவரை மாற்றி உட்காரவைத்தாள். எந்த இருவரை மாற்றினாலும் ஒருவருக்கு நிம்மதி, மற்றவருக்கு முன்னைவிட மோசம். மூவரும் ஒரே நேரத்தில் வட்டமாக நகர்ந்தால் மூவருக்கும் சுகம்.

சத்தமே இல்லாமல் தேற்றம் உடைந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்துபோய் மூவரையும் இடம் மாற்றினாள். அதற்கும் கையேட்டில் அனுமதி இல்லை.

மத்தியானம் அல்லிநகரம் வீட்டில், போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் கணவன் இம்மானுவேல் சோற்றைப் பிசைந்தபடி விசாரித்தான்.

“தப்புன்னு எவன் சொன்னான்?”

“நான்தான் சொல்றேன்.”

“மூணு வருசமா வேற யாரும் சொல்லலையா?”

“பதினோரு பேரு அத ஆதாரமாக் காட்டி எழுதியிருக்காக.”

“படிச்சுட்டா?”

“படிச்சிருந்தா காட்டியிருக்க மாட்டாக.”

“அப்ப உலகத்துல நமக்கு மட்டுந்தான் தெரியும். எனக்குப் புரியவும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பேசாம இரேன், ஷீலா. சொத்தக் காய் கெடந்தா நல்ல காய மேல போட்டு மூடுறதில்லையா நாங்க?”

“அதான் எங்கம்மா உங்க கடையில வாங்குறதில்ல.”

இம்மானுவேல் மோரை ஊற்றிக்கொண்டான். “வேல போயிருமேடி.”

அவள் தட்டில் மூன்று அப்பளத்தை வட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெபஷீலா, தன் தேற்றம் தவறு என்று அந்த இதழின் ஆசிரியருக்கு எழுதி, மூன்று மாணவர்களின் கதையைச் சான்றாக இணைத்து அனுப்பினாள். விண்ணப்பத்தில் ஐந்து என்பதை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள்.