ஐந்தாவது கேசட்

சூடேறிய வீடியோ டெக்குக்கு ஒரு வாசனை உண்டு. உள்ளே கிடக்கிற தூசு லேசாகக் கருகி, பிளாஸ்டிக்கும் சேர்ந்து வாடுகிற வாசனை அது. எங்கள் ரூமில் அதோடு வெள்ளிக்கிழமை மதியக் கருவாட்டுக் குழம்பும், கட்டில் கம்பிகளில் காய்கிற எட்டுப் பேரின் லுங்கிகளும் கலந்துவிடும். கேசட்டை வாயில் வைத்து மெல்லத் தள்ளினால் போதும், பசித்தவன் மாதிரி அதுவே "டொக்"கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்றைக்கும் என் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது வயர் சூடேறி வாசனை வந்தால், மற்றவர்கள் மெயின் சுவிட்சைத் தேடி ஓடுவார்கள், நான் மட்டும் சட்டென்று திரும்பி என் முதுகுக்குப் பின்னால் பார்ப்பேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஆறாம் கிளாஸோடு நின்றவன். ஆனால் ஷார்ஜா தொழில்பேட்டையில் போய், கனரக வண்டிக்கு நல்ல ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஏழு பேர் என் ஒர்க்‌ஷாப்பைத்தான் கை காட்டுவார்கள். இரண்டு ஒர்க்‌ஷாப், நாற்பது பையன்கள். எஞ்சின் சத்தத்தை ரோட்டில் நின்று கேட்டே எந்த சிலிண்டர் இருமுகிறது என்று சொல்லிவிடுவேன், படித்த இன்ஜினியர்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறவள் என் மகள். "அப்பா, பெருமையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்கிறாள். குறைக்கத்தான் போகிறேன். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பதினாறு வயது முடிந்திருந்தபோது என் பாஸ்போர்ட்டுக்கு இருபத்திரண்டு ஆகியிருந்தது. ஏஜெண்டு செய்த கைங்கரியம். துபாய் ஏர்போர்ட்டில் இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் நின்றபோது, பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதியை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி லீவு முடிந்து அதே விமானத்தில் வந்திருந்தார். என் தோளில் ஒரு விரலை வைத்து அழுத்தி, "பயப்படாதல, நான் ஒன் பின்னாடி நிக்கேன்லா" என்றார். கவுண்டர் வரைக்கும் அந்த விரல் என் தோளிலேயே இருந்தது. இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல் குசைஸில் எட்டுப் பேர் ரூம். வயதை மறைத்து வந்தவன் என்பது அடுத்த நாளே தெரிந்து எனக்கு "பாஸ்போர்ட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேல் கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு. எதிர்க்கட்டிலில் கோவில்பட்டிப் பக்கத்து தங்கையா அண்ணாச்சி, நாங்கள் மூன்று பேரும் வேலை பார்த்த லாரி ரிப்பேர் யார்டில் மெக்கானிக். சமையலுக்குத் தூத்துக்குடி காசி. ஹாங்காங் கப்பலில் ஏழெட்டு வருடம் சமையல்காரராக இருந்து அந்த ஊர்ச் சீனம் பேசக் கற்றவர், அதனால் "கப்பல் காசி".

யார்டில் ஒரு முறை வைத்திருந்தோம். லாரியை ஜாக்கி போட்டுத் தூக்கியதும் அச்சுக்குக் கீழே மரக்கட்டையைக் கொடுத்து, சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டி, "கட்டை வச்சாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கியை நம்பாதே, கட்டையை நம்பு என்பதுதான் அங்கே முதல் பாடம்.

ஒரு நாள் காலை, தங்கையா அண்ணாச்சி தண்ணீர் டேங்கர் ஒன்றைத் தூக்கிக் கட்டை வைத்தார். ரெண்டு தட்டு. "கட்டை வச்சாச்சு." சங்கரபாண்டி அண்ணாச்சி பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டே "சரி" என்றார். தங்கையா ஸ்டோருக்கு ஏதோ சாமான் எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து யார்டின் அந்தக் கோடியிலிருந்து ஃபோர்மேன், "ஏ சோட்டா, லக்கடி லாவ், ஜல்தி!" என்று கத்தினான். கட்டை கொண்டு வா என்கிறான். நான் சுற்றிப் பார்த்தேன். வேறு கட்டை எதுவும் கண்ணில் படவில்லை. டேங்கரை ஜாக்கிதானே தாங்குகிறது, இந்தக் கட்டை சும்மாதானே கிடக்கிறது, அடியிலும் யாரும் இல்லையே, கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்து, அதைக் காலால் தட்டி உருவிக்கொண்டு ஓடினேன்.

இந்த இடத்தில் மகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். "அடிம்மா" என்றேன்.

ஃபோர்மேனிடம் கட்டையைக் கொடுத்தேன். அவன் இன்னொரு வேலை சொன்னான். அதற்குள் சங்கரபாண்டி அண்ணாச்சி, காதில் விழுந்த சத்தத்தை நம்பி டேங்கருக்கு அடியில் போயிருந்தார். ஜாக்கி இறங்கிவிட்டது. நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினபோது எல்லாம் கலாஸ், உயிர் போயிருந்தது.

போலீஸ் வந்தது. கட்டை ஏன் இல்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இந்தியில் மாற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார். என் முறை வந்தபோது பாஸ்போர்ட்டை விரித்து என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வயதைப் பிடித்துவிடுவார்கள், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்கிற ஒரே பயம்தான் அப்போது எனக்கு. பார்த்தாயா என்று கேட்டார்கள். வந்த எட்டு மாதத்தில் நான் கற்றிருந்த அரபியில் ஒரு சொல்தான் வாயில் வந்தது. "மாஃபி." ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை.

பழி தங்கையா அண்ணாச்சி மேல் விழுந்தது. விசாரணை முடியும் வரை வேலை கிடையாது, பாஸ்போர்ட்டும் கையில் கிடையாது, ரூமிலேயே இரு என்றுவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கையை அந்தரத்தில் நிறுத்திக் கேட்பார்: "நான் வச்சேன்னுதான் நெனைக்கேன். வச்சேனா? சத்தம் கொடுத்தேனா? யாராவது கேட்டியளா மக்கா?" மற்றவர்கள் தூரத்தில் வேலை பார்த்தவர்கள், கிரைண்டர் சத்தத்தில் இருந்தவர்கள். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் செத்துப்போனார். இன்னொருவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ரூமில் எல்லாரும் இடிந்துபோய்க் கிடந்ததைப் பார்த்துத்தான், கப்பல் காசி தன் பழைய சிநேகிதன் ஒருவனிடமிருந்து ஐந்து கேசட்டுகள் வாங்கிவந்தார். ஹாங்காங் டிவி நாடகம். "போலீஸ் கதைடே, பேயும் உண்டு" என்றார். வாரம் ஒன்றாக வெள்ளிக்கிழமை மதியம் போடுவது என்று ஏற்பாடு. அவர்கள் பேசுவது ஒரு எழுத்துப் புரியாது. காசி டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தம் விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

கதை இதுதான். இன்ஸ்பெக்டர் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்துக்கொள்கிறான். அதிலிருந்து செத்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பேசமாட்டார்கள். உயிரோடு இருக்கிற யாராவது ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்பார்கள். கொலையானவன் எவன் பின்னால் நிற்கிறானோ அவனே கொலைகாரன் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டுப் பிடிக்கிறான். "பாத்துக்கோங்கடே, அந்தா நிக்கான் பின்னாடி!" என்று காசி கத்தும்போதெல்லாம் ரூமே குனிந்து டிவியைப் பார்க்கும். நான் மட்டும் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன். சுவரில் சாய்ந்துவிட்டால் பின்னால் ஆள் நிற்க இடம் இருக்காதில்லையா.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. டிவியில் இன்ஸ்பெக்டர் ஒருவனைச் சுட்டிக்காட்டுகிறான். கட்டிலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த தங்கையா அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

"ஏ காசி, எம் பின்னாடி யாரும் நிக்காவளான்னு பாரு."

"ஒம்ம லுங்கிதான் தொங்குது, அண்ணாச்சி" என்றார் காசி. எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திரும்பி அந்த லுங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

நாலாவது கேசட்டில், செத்துப்போன மகன் தன் தாய்க்குப் பின்னால் நிற்கிறான் என்று இன்ஸ்பெக்டர் அந்தத் தாயையே பிடித்து விலங்கு போடுகிறான். அந்தம்மா ஒன்றும் மறுக்காமல் கையை நீட்டுகிறாள். அத்தோடு கேசட் முடிந்தது. "அடுத்த வாரம் எல்லாச் சாயமும் வெளுத்துப்போகும்டே" என்று காசி என்னைப் பார்த்துச் சொன்னார். எதேச்சையாகப் பார்த்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தாவது கேசட்டில் அந்த இன்ஸ்பெக்டர் டிவிக்குள்ளிருந்தே திரும்பி என்னைக் காட்டிவிடுவான் என்று நம்பினேன். பதினாறு வயது. சிரிக்காதீர்கள்.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று டூட்டிக்குப் போகவில்லை. காசி மீன் வாங்கப் போன நேரம், தங்கையா அண்ணாச்சி குளித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது கேசட்டை எடுத்து அதன் மூடியைத் திறந்து, கறுப்பு ரிப்பனைக் குடலை உருவுகிற மாதிரி உருவிக் கசக்கி, டெக்குக்குள்ளும் கொஞ்சம் திணித்துவிட்டு, "மெஷின் கடிச்சிருச்சு" என்று சொன்னேன். அந்தக் காலத்தில் டெக் கேசட்டைக் கடிப்பது சாதாரணம், ஒருவரும் சந்தேகப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த தங்கையா அண்ணாச்சி அந்த ரிப்பன் குவியலைப் பார்த்து, "முடிவு தெரியாமலேதான் ஊருக்குப் போவேன் போலிருக்கே" என்றார். மறு வாரமே விசா கேன்சலாகி, போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் வளர்ந்தேன். எப்படி வளர்ந்தேன் என்று முழுநாளும் சொல்லுவேன், வீட்டில் எல்லாரும் கேட்டுச் சலித்திருக்கிறார்கள். நாற்பது வருடமாக ஹோட்டலானாலும் ஆபீஸானாலும் சுவரோரம்தான் உட்காருவேன். "முதலாளி கெத்து" என்று பையன்கள் நினைக்கிறார்கள். என் ஒர்க்‌ஷாப்பில் லிப்ட் இருக்கிறது, இரும்பு ஸ்டாண்டு இருக்கிறது, இருந்தும் ஒன்றுக்கு ரெண்டு மரக்கட்டை வைத்துச் சத்தம் கொடுக்காமல் ஒருவனும் அடியில் போக முடியாது. எங்களிடம் இன்றுவரை ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன், காரணத்தை மட்டும் விட்டுவிட்டு.

போன மாதம் மகள், நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன அந்தச் சீனக் கதையை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துவிட்டாள். யாரோ புண்ணியவான் முழுவதையும் ஏற்றி, கீழே இங்கிலீஷில் எழுத்தும் போட்டிருக்கிறான். "கடைசிப் பகுதியைப் போடு" என்றேன். அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொன்ன கதையே இல்லையேப்பா இது. அந்த இன்ஸ்பெக்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாராம். செத்தவங்க கொலைகாரன் பின்னாடி நிக்கல. யாரை நினைச்சுக் கவலைப்படுறாங்களோ, அவங்களுக்குத் துணையா அவங்க பின்னாடி நிக்கிறாங்க. கொலைகாரன் பின்னாடி யாருமே கிடையாது."

டிவியில் இன்ஸ்பெக்டர் அந்தத் தாயின் விலங்கைக் கழற்றிவிட்டு, தலை நிமிராமல் நின்றான். எனக்கு ஏர்போர்ட்டில் தோளில் இருந்த விரல் ஞாபகம் வந்தது. பின்னாடி நிக்கேன்லா. நாற்பது வருடமாக யாருக்குப் பயந்து சுவரில் முதுகை ஒட்டினேனோ, அந்த மனிதர் எனக்குச் சொன்ன சொல் அது. மனசு லேசாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. அவர் என் பின்னால் நின்றிருப்பார் என்று நம்ப எனக்கு என்ன யோக்கியதை? அந்த மதியங்களில் அவர் தங்கையா அண்ணாச்சி பின்னால் நின்றிருப்பார். அதைச் சொல்ல வந்த கேசட்டின் குடலைத்தான் நான் உருவினேன்.

இன்றைக்கு அந்த டெக்கும் இல்லை, கேசட்டும் இல்லை. குசைஸ் கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ் நிற்கிறது, யார்டு இருந்த இடம் கார் நிறுத்துமிடம். கப்பல் காசி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. சங்கரபாண்டி அண்ணாச்சி வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அது போனில் சொல்லுகிற சேதி இல்லை, அடுத்த மாதம் நேரில் போகிறேன். தங்கையா அண்ணாச்சி மட்டும் இருக்கிறார். கோவில்பட்டிப் பையன் ஒருவன் மூலம் நம்பர் கிடைத்தது. ஊருக்குப் போனதிலிருந்து அவர் ஸ்பேனரையே தொடவில்லையாம். பஸ்ஸில்கூட சக்கரத்துக்கு மேல் சீட்டில் உட்காரமாட்டாராம்.

போன வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டேன்.

"யாருல?"

"பாஸ்போர்ட்டு, அண்ணாச்சி. குசைஸ் ரூம் பாஸ்போர்ட்டு."

"ஏலே! நீ பெரிய முதலாளி ஆயிட்டியாம்லா!" என்று சிரித்தார். மற்ற நாளாயிருந்தால் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அளந்திருப்பேன். அன்றைக்கு, "அண்ணாச்சி, அந்தக் கட்டையை எடுத்தது நான்" என்றேன். எங்கே எடுத்தேன், யாரிடம் கொடுத்தேன், போலீஸிடம் என்ன சொன்னேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பம் நான் வச்சேனால?" என்றார்.

"வச்சிய, அண்ணாச்சி."

"ரெண்டு தட்டு?"

"தட்டினிய."

"சத்தம் கொடுத்தேனா?"

"கொடுத்திய. நான் கேட்டேன்."

போன் எதன் மேலோ மோதுகிற சத்தம். அவர் குரல் தள்ளிப் போய், வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டது. "ஏட்டி, இங்க வா. அடுப்ப அணச்சிட்டு வா. நான் வச்சிருக்கேன்டி. கட்டை வச்சிருக்கேன்." அந்தம்மா என்ன ஏது என்று கேட்பதும், அவர் திரும்பத் திரும்ப அதையே சொல்வதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் நான் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை.