ரெண்டும் இடது கை

கோடை விடுமுறையில் தி.நகரில் எங்கள் தையல் கடைக்கு உதவிக்கு வந்த என் மகள், மயிலாப்பூர் மாமி ஒருவரின் கல்யாணப் பட்டு ரவிக்கையை வெட்டினாள். பத்தாவது முடித்தவள். துணியை மடித்துப் போடாமல் கைகளைத் தனித்தனியாக வெட்டியதில், இரண்டுமே இடது கையாகிவிட்டன. சரிகைக்கு உள்பக்கம் வேறு, வெளிப்பக்கம் வேறு. திருப்பித் தைக்க வழியில்லை.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. “நீ வெட்டினதா சொல்லிடும்மா” என்றாள். எனக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றியது. எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்றும் பயம், உண்மையைச் சொன்னால் மாமி இனி வரவே மாட்டாரோ என்றும் பயம். ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்ததே!

“கூட வர்றேன். சொல்றது நீதான்” என்றேன்.

மயிலாப்பூரில் மாமி கதவைத் திறந்ததும் மகளே முந்திக்கொண்டாள். “நான்தான் தப்பா வெட்டிட்டேன் மாமி. ரெண்டும் இடது கையாயிடுச்சு.”

“ஏண்டி, எனக்கு வலது கைன்னு ஒண்ணு இருக்கறது உன் கண்ணுல படலையா? ஆத்துல கல்யாணத்தை வெச்சுண்டு நான் எங்கே போவேன்?”

நன்றாகவே திட்டினார். பிறகு உள்ளே போய் அந்த ரவிக்கைக்கான பட்டுப் புடவையை எடுத்துவந்து, இடுப்பில் சொருகும் முனையைக் காட்டினார். “வலது கைக்கு இதுல எடுத்துக்கோங்கோ. யார் வெட்டப்போறா?”

மகள் என்னைப் பார்த்தாள்.

“அவளே வெட்டுவா மாமி” என்றேன்.

“பெருமாளே!” என்றபடி மாமி புடவையை அவள் கையில் கொடுத்தார்.