இடது காதும் வராத கப்பலும்

கல்யாணமாகி நாலே மாதத்தில், சுரண்டையில் இருந்த என் தாய் வீட்டுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். அடி இல்லை, வசவு இல்லை. வீட்டுக்குள் முகம் பார்த்து நன்றாகப் பேசுகிற மனுஷன், வெளியே கிளம்பினால் என்னைச் சட்டையே செய்யமாட்டார். கோயிலானாலும் கடைத்தெருவானாலும் பெண்டாட்டி புருஷனுக்கு இடப்பக்கம்தான் வரவேண்டும் என்பது மாமியாரின் சட்டம். தென்காசி ரதவீதியெல்லாம் நானும் இடப்பக்கமே நடந்து வாய் வலிக்கப் பேசினேன். அவர் நேரே பார்த்துக்கொண்டு நடப்பார். பட்டாளத்தில் இருந்த திமிர், என்னோடு நடப்பதே கேவலம் போல என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், சாரல் தொடங்கியதும் மூவரும் குற்றாலம் போனோம். அருவியில் ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். குளித்து முடித்து மாமியார் சேலை மாற்றப் போனார். எதிரே தூரத்தில் இவர் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்: "நீரு மனுசனா, கல்லா? நாளைக்கே சுரண்டைக்கு பஸ் ஏறுதேன்!"

விறுவிறுவென்று வந்தார். "எதுக்குட்டி சுரண்டைக்குப் போற?"

இத்தனை இரைச்சலில் இவருக்கு எப்படித் தெரிந்தது?

இரைச்சல் குறைந்த இடமாகப் பார்த்து ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னார். யுத்தத்தின்போது மெட்ராஸ் துறைமுகத்தை ஒட்டிக் கடலைப் பார்த்து இரண்டு பெரிய பீரங்கிகள். அதில் ஒன்றில் குண்டு ஏற்றுகிறவர்களில் இவரும் ஒருவர். ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று ஊரே மூட்டை கட்டி ஓட, இவர்கள் கடலையே பார்த்துக் கிடந்தார்களாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள், கித்தான் துணி போர்த்துவார்கள். வெடிச்சத்தத்தில் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்தே உத்தரவு புரிந்துகொள்ளப் பழகினார்கள்; சற்றுமுன் என் பேச்சைப் பிடித்ததும் அப்படித்தானாம். கடைசிவரை ஒரு கப்பலும் வரவில்லை. படகு இழுத்துப் போகும் மிதவையைச் சுட்டுப் பழகியதோடு சரி. அப்படி ஒரு நாள் காதில் பஞ்சு வைக்க மறந்துவிட்டார். இடது காது அன்றோடு போயிற்று. யுத்தம் முடிந்ததும் பீரங்கிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"எத்தனை கப்பல முக்குனீருன்னு ஊருல கேலி பேசுதானுவ. இதுல காதையும் விட்டுட்டு வந்தேன்னு எப்படிச் சொல்ல? பொண்ணு வீட்டுல சொல்லிராதன்னு அம்மையும் சொல்லிட்டா." துண்டை மறுபடியும் பிழிந்தார். "போயிருவியாட்டி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதம் இடப்பக்கம் நின்று நான் முணுமுணுத்த வசவு ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவருக்கு வலப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, இடப்பக்கம் வா. நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவா?"

"அந்தப் பக்கம் நீங்க வந்து பேசிப் பாருங்க அத்தே. நான் நாலு மாசம் பேசியாச்சு" என்றேன். மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாலு எட்டு நடந்ததும் மெதுவாகச் சொன்னேன், "போகல."

அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை. நேரே பார்த்து நடந்தபடியே, "சரிட்டி" என்றார்.