மூன்றாம் சிலிண்டரின் வெள்ளிக்கிழமை விரதம்

கார் வைத்தியத்தில் பெரிய தொல்லை, நோயாளி வாயைத் திறக்காது, கூட வந்தவர் வாயை மூட மாட்டார். பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, நடுரோட்டில் மானத்தை வாங்கிய வண்டி, வொர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் பசு மாதிரி நிற்குமே, அந்த அவமானம் உங்களுக்குத் தெரியும். கிள்ளானில் கடை வைத்திருக்கும் எனக்கு அது தினசரிச் சாப்பாடு.

முகராசி

சரோஜா ஆன்டி ஒரு வெள்ளிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, காருக்கு இருபது. கிளம்பியதிலிருந்து பாதி வழி வரை வண்டி குலுங்கியதாம், அப்புறம் தானே சரியாகிவிட்டதாம். ஸ்கேனரை மாட்டினேன். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது. பிளக்குக்குப் பொறி கொடுப்பது, அதன் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் காயில். மூன்றாவது காயிலை முதலாவதின் இடத்தில் மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாற்றினேன். என்ஜின் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

காயிலைச் சுற்றி மஞ்சளாக ஏதோ கறை. துரு என்று துடைத்துப் போட்டேன். காயில்களை மூடியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடியும் இல்லை. போன வாரம் சர்வீஸ் செய்தபோது கொக்கி உடைந்ததால் நான்தான் கழற்றி வைத்திருந்தேன். அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். வெறுங்கையோடு அனுப்ப ரோஷம் இடம் கொடுக்காததால் புதுக் காயில் ஒன்றைப் போட்டேன். ஆன்டிக்கு ஒரே சந்தோஷம்.

“உங்க மூஞ்சியப் பார்த்ததுமே வண்டிக்கு காய்ச்சல் விட்டுருச்சு தம்பி!”

மகன் வைத்த கெடு

அடுத்த வெள்ளியும் அதே குலுக்கல், அதே சிலிண்டர். இந்த முறை பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்யும் மகன் குமாரும் கூட வந்தான். ஆன்டி சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கார் இருந்தால்தான் காய்கறி வாங்கப் பாசாருக்கும் காஜாங்கிலிருக்கும் தங்கை வீட்டுக்கும் யாரையும் கெஞ்சாமல் போக முடியும். எனக்கு வெட்கமாக இருந்தது. குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆடுச்சுன்னா, திங்கக்கிழமை லோரி வச்சு பழைய இரும்புக்குப் போட்டுருவேன் லா.”

சொம்பு

மூன்றாம் வெள்ளி, வண்டி கிளம்பும்போதே பார்த்துவிடலாம் என்று, கடையைத் திறக்காமல் நேராக ஆன்டி வீட்டு வாசலில் போய் நின்றேன். பூஜையை முடித்துக்கொண்டு வந்தவர், நான் சொல்லிக்கொடுத்தபடியே போனெட்டைத் திறந்து, ஆயில் பார்த்து, ரேடியேட்டர் தண்ணீர் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து, மஞ்சள் தண்ணீரை மாவிலையால் நாலு பக்கமும் தெளித்துவிட்டு, மீதியை என்ஜின் நடுவில் அப்படியே கவிழ்த்தார். சாவியைத் திருப்பினார். வண்டி கிடுகிடுவென்று ஆடியது.

துள்ளிக் குதித்தேன். “ஆன்டி, அந்தத் தண்ணிதான் காயில் குழிக்குள்ள இறங்குது, என்ஜின் சூட்டுல காயுற வரைக்கும் வண்டி ஆடுது! இனிமே ஊத்தாதீங்க!” ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பதினோரு வருஷமா ஊத்துறேன், ஒண்ணும் ஆகல. நீங்க மூடியக் கழட்டுன பொறவுதான் தம்பி ஆடுது.”

காயிலுக்குப் பழி

மூடி என் கடையில்தான் இருந்தது, நட்டு கழுவும் தட்டாக. குழியைக் காயவைத்து, மூடிக்குப் புதுக் கொக்கி போட்டு மாட்டினேன். சொம்பை இனி டயரோடு நிறுத்திக்கொள்வதாக ஆன்டியும் ஒத்துக்கொண்டார். அடுத்த வெள்ளி கார் குலுங்காமல் காஜாங் வரை போய் வந்தது. என்னதான் கோளாறு என்று குமார் போனில் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், காது சூடேற. ஆன்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“காயில்தான்டா. அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு, ரொம்பக் கெட்டிக்காரரு.”

அன்றிலிருந்து எந்தக் கார் குலுங்கினாலும், ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் என் கடை மூலையில் அதன் சாமான் ஏதாவது கிடக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.